நிற்கத் தெரிந்த மொழி

அவள் வீட்டில் யாரையும் எந்த வேலையும் ஏவியது கிடையாது. "பாத்திரம் தேய்" என்று மகளிடம் சொன்னதில்லை. "சிங்க்ல பாத்திரம் இருக்கக் கூடாது" என்பாள். "துணியை மடிச்சு வைங்க" என்று கணவரிடம் கேட்டதில்லை. "கட்டில் மேல துணி வேண்டாம்" என்பாள். யார் செய்வது, எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்பதெல்லாம் கேட்பவர் தலையெழுத்து. ஒருநாள் மகள் கட்டில் மேல் கிடந்ததை அப்படியே வாரி நாற்காலியில் போட்டுவிட்டு, "கட்டில் மேல துணி இல்லம்மா" என்று பசுப்போல வந்து நின்றாள். வேறு அம்மாவாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். இவள் யோசித்தாள்.

"சரிதான், நான்தான் ஒழுங்கா சொல்லல. மடிச்ச துணி அலமாரியில இருக்கட்டும். வேற எங்கேயும் துணி வேண்டாம்."

"அப்போ நாம போட்டிருக்கறது?" என்றாள் மகள்.

அன்று சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. தாயும் மகளும் ஓயாமல் சிரித்ததில் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துப்போனது.

அலுவலகத்தில் அவளுக்கு அரைப்புள்ளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஆள் குள்ளம் என்பதால் வந்த பட்டம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மை வேறு. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த காப்பீட்டு நிறுவனத்தில், வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக முழு நாளும் ஒரு கணினி நிரலோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். கண்டுபிடித்ததும் எழுந்து நின்று, "நான் என்ன சொல்ல வர்றேன்னு இதுக்குப் புரியுது, புள்ளி வைக்கலன்னு மட்டும் ரோஷம்!" என்று கத்தினாள். அந்தத் தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்று ஒட்டிக்கொண்ட பட்டம், நிறுவனம் மாறியும் கூடவே வந்துவிட்டது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அறிமுகமே லிஃப்டில்தான். அந்தக் காப்பீட்டு அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே அவள் மாட்டிக்கொண்டாள். வெளியிலிருந்து மெக்கானிக், "பயப்படாதீங்க, முதல்ல மேல மோட்டாரை நிறுத்திட்டு, அப்புறம் பிரேக்கைத் தளர்த்தி..." என்று விளக்க ஆரம்பித்தார். "நீங்க என்ன வேணா பண்ணுங்க, எனக்குச் சொல்ல வேண்டாம். கதவு திறந்திருக்கணும், நான் வெளியில இருக்கணும். அவ்வளவுதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இப்படிப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

கணினிக்கு எழுதும் மொழிகளிலும் இப்படி இரண்டு குணம் உண்டு. ஒரு வகையில் படிப்படியாக ஏவ வேண்டும்: அதை எடு, இதோடு ஒப்பிடு, சரியில்லை என்றால் அங்கே போ. மற்றதில், முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். வழியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அரைப்புள்ளிக்கு எந்த வகை பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு சின்ன நிறுவனத்தில், அப்படியொரு மொழியைப் புதிதாக உருவாக்கும் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறைக்காக வந்த வேலை அது.

அந்தச் சமையலறை வேளைக்கு ஒரு சிறிய ஊருக்கே சோறு போடும். தட்டுகள் கட்டில் வரிசைப்படி ஒரு நகரும் பட்டையில் போகும். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சீட்டு: இந்தக் கட்டிலுக்கு இது உண்டு, இது கிடையாது. யாருக்கு எது ஆகாது என்ற விதிகள் எல்லாம் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தன. பகல் ஷிப்டை நடத்தும் தலைமைச் சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் தம் சுவரில் தம் மொழியில் எழுதி ஒட்டியிருந்தார். மாலை ஷிப்டுக்குப் பொறுப்பான சாயங்கால அக்கா எதிர்ச் சுவரில் தன் மொழியில் ஒட்டியிருந்தாள். அவர் மொழி அவளுக்கு வராது, அவள் மொழி இவருக்கு வராது. ஷிப்ட் மாறும்போது ஒரு தலையசைப்பு, கையால் ஒரு ஜாடை, அத்தோடு சரி. பல வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. அவரவர் மொழியில் அவர்கள் பேசியது இங்கே நம் பேச்சில் வருகிறது.

அங்கே இரு மொழியும் தெரிந்தவள், நோயாளிகளின் உணவை வகுக்கும் டயட்டீஷியன் பெண் ஒருத்திதான். பாவம், அவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. வார்டு வார்டாக ஓடிக்கொண்டிருப்பாள்.

அரைப்புள்ளியின் முதலாளி நல்ல மனிதர், பயந்த சுபாவம். சுருக்கமாக முடிக்க ஒரு வழி சொன்னார். "ஏற்கெனவே இருக்கற கணினி மொழி ஒண்ணை எடுத்துக்குவோம் மேடம். அதுல இருக்கற கட்டளையெல்லாம் மொழிபெயர்த்துப் போட்டா முடிஞ்சுது."

"சட்டையை மாத்தினா ஆள் மாறிடுவானா சார்? உள்ள இருக்கற ஆள் வேத்தாள்தானே."

அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளே சமையலறைக்குப் போய்விட்டாள். கையில் குறிப்பேடு இல்லை, கேள்வித்தாள் இல்லை. உருளைக்கிழங்கு உரிக்கிறவர்களோடு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தானும் உரித்தாள். நேரே நிறுத்தி வைத்துக் கேட்டால் மனிதர்கள் நீட்டி முழக்குவார்கள், பெரிய வார்த்தையெல்லாம் போடுவார்கள் என்பது அவள் கண்டறிந்தது. கையில் வேலை இருக்கும்போது கேட்டால் வேண்டியது மட்டும் வாயில் வரும். மாஸ்டர் அண்டாவைக் கிளறிக்கொண்டே, "சிறுநீரகக்காரருக்கு உப்பு வேணாம்" என்பார். சாயங்கால அக்கா ரொட்டியை அடுக்கிக்கொண்டே அதையே தன் மொழியில் வேறு வரிசையில் சொல்வாள். அவளுக்கு முதலில் வருவது உப்பு, பிறகுதான் ஆள் என்று டயட்டீஷியன் பெண் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போவாள். கிழங்கு உரிப்பதில் அரைப்புள்ளி படுமோசம். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடும். மாஸ்டர் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க பேச்சை மட்டும் உரிங்க, கிழங்கை எங்ககிட்ட விட்டுடுங்க" என்றார்.

அந்த உரிப்பிலிருந்துதான் மொழியின் வாக்கியம் பிறந்தது. யாருக்கு, என்ன, இருக்கட்டுமா வேண்டாமா. ஒவ்வொரு விதிக்கும் இந்த மூன்று துண்டுகள் போதும். எந்தத் துண்டு முன்னால் வர வேண்டும் என்பதை எழுதுகிறவரின் மொழியே முடிவு செய்யும். இயந்திரம் துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, படிக்கிறவருக்கு அவர் மொழியின் வரிசையில் எடுத்துக் கொடுக்கும். ரொட்டிக்கும் உப்புக்கும் சர்க்கரைக்காரர் போடும் ஊசிக்கும் அந்தந்தச் சமையலறைக்காரர்கள் வாயில் புழங்கும் சொல்லையே கேட்டு வாங்கிப் போட்டாள். அரைப்புள்ளி கிடையாது, அடைப்புக்குறி கிடையாது. மாஸ்டர் எழுதியதை அக்காவும், அக்கா எழுதியதை மாஸ்டரும் தங்கள் திரையில் தங்கள் பேச்சாகவே படிக்கலாம். மொழிக்கு 'இருக்கட்டும்' என்று பெயர் வைத்தாள். "எதைக் கேட்டாலும் தள்ளிப்போடற மாதிரி இருக்கே" என்று முதலாளி முனகினார். வேறு பெயர் சொல்லுங்கள் என்றாள். அவர் அந்தப் பெயரையே கோப்பில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் சரி, ஒரே ஒரு இடத்தில் அவள் வளைந்துகொடுத்துவிட்டாள். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது? மோதினால் இயந்திரம் நிற்க வேண்டும், இரண்டையும் காட்டி ஆட்களிடம் கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி. முதலாளிக்கு நிற்பது என்ற சொல்லே ஆகாது. "நின்னா சாப்பாடு லேட்டாகும், நம்ம பேர் கெடும். கடைசியா எழுதின விதி ஜெயிக்கட்டும்" என்றார். அவள் வாதாடிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டாள்.

கடைசியாக எழுதியது செல்லும் என்ற செய்தி சமையலறையில் பரவ எவ்வளவு நேரமாகும்? மறுநாள் காலை அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே மாஸ்டர் கணினி முன் உட்கார்ந்து தம் விதிகள் அத்தனையையும் மறுபடி தட்டினார். "என் சமையலறையில கடைசி வார்த்தை என்னோடது" என்று மீசையைத் தடவிக்கொண்டார். மாலையில் வந்த சாயங்கால அக்கா சும்மா இருப்பாளா? தலைமுடியை முடிந்துகொண்டு உட்கார்ந்து தன்னுடையதை எல்லாம் மறுபடி தட்டினாள். இது தினசரி வழக்கமாகிவிட்டது. ஒரே விதி கொத்துக்கொத்தாகச் சேர்ந்தது. "இன்னிக்குச் சமையல் உண்டா, இல்ல டைப் மட்டும்தானா?" என்று காய்கறிப் பிரிவிலிருந்து குரல் கேட்டது. பகலில் மாஸ்டர் சொன்னது நடந்தது, மாலையில் அக்கா சொன்னது நடந்தது. சுவரில் காகிதம் ஒட்டிய காலத்தில் நடந்ததும் இதுதான். அரைப்புள்ளிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை பாடுபட்டு, விலை உயர்ந்த ஒரு சுவரைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

நேரே முதலாளி அறைக்குப் போனாள். "யார் முன்னாடி, யார் பின்னாடிங்கறதே இந்த மொழியில இருக்கக் கூடாது சார். மோதினா நிக்கணும். இல்லன்னா என் பேரை இதுலேருந்து எடுத்துடுங்க."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மருத்துவமனை நிர்வாகி நேரில் பார்க்க வரப்போகிறார். அவருக்குப் பிடித்தால்தான் ஒப்பந்தம். "சரி, நீங்க சொல்ற மாதிரியே வைங்க. ஆனா அன்னிக்குப் பட்டை நின்னுச்சுன்னா, கடைசி விதி ஜெயிக்கறதுதான் நிரந்தரம். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது. இன்னொண்ணு, உங்க திரையில ஒரு 'தாண்டு' பட்டன் வேணும். நின்னா உடனே அழுத்துங்க. கடைசியா எழுதினதை எடுத்துக்கிட்டு அது போயிடும்." மனமில்லாமல் அந்தப் பட்டனையும் அவளே செய்து வைத்தாள்.

வீட்டில் கணவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "ஏங்க, நான் பிடிவாதம் பிடிக்கறேனா?"

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் அவர். பிறகு துண்டால் துடைத்தபடி சொன்னார்: "லிஃப்டும் அப்படித்தான். கதவு சரியா மூடலன்னு லேசா சந்தேகம் வந்தாலும் நின்னுடும். நின்னா ஜனங்க என்னைத் திட்டுவாங்க. திட்டட்டுமே. விழுந்திருந்தா அழுதிருப்பாங்க."

நிர்வாகி வந்தது புது ஏற்பாட்டின் முதல் நாள், ஷிப்ட் மாறும் வேளை. இனி முன்பின் கிடையாது என்று சொல்லிவிட்டதால் அன்று காலை மாஸ்டர் எதையும் மறுபடி தட்டவில்லை. மாலைத் தட்டுகள் புறப்படும் நேரம். மாஸ்டர் இன்னும் கிளம்பவில்லை, அக்கா வந்து ஏப்ரன் கட்டிக்கொண்டாயிற்று. டயட்டீஷியன் பெண்ணும் அதிசயமாக ஓர் இடத்தில் நின்றாள். பட்டை நகர்ந்தது. சீட்டுகள் சரசரவென்று அச்சாகி விழுந்தன. தட்டுக்குப் பின் தட்டாகப் போவதைப் பார்த்து நிர்வாகி தலையாட்டினார். முதலாளி முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. அப்போது ஒரு தட்டின் முன் அச்சு நின்றது. பட்டையும் நின்றது. கரண்டிச் சத்தம்கூட அடங்கிவிட்டது.

எல்லோரும் அரைப்புள்ளியைப் பார்த்தார்கள்.  அவள் தன் திரையைப் படித்தாள். மாஸ்டரின் திரையில் அவர் மொழியிலும், அக்காவின் திரையில் அவள் மொழியிலும் அதே செய்தி இருந்தது:

'இந்தக் கட்டிலுக்கு இரண்டு விதிகள் பொருந்தவில்லை. தொண்டையில் அறுவை ஆனவருக்குத் தையல் ஆறும்வரை கடித்துத் தின்பது எதுவும் வேண்டாம்: மாஸ்டர் எழுதியது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு மாலைத் தட்டில் ரொட்டி இருக்கட்டும்: சாயங்கால அக்கா எழுதியது. என்ன செய்யலாம்?'

முதலாளி அவள் காதோரம் குனிந்தார். "தாண்டுங்க மேடம். அழுத்துங்க."

"கடைசியா எழுதினது அக்கா. அழுத்தினா ரொட்டி போகும் சார்."

"போகட்டுமே! ஒரு தட்டுதானே."

"தொண்டையில தையல் இருக்கு."

"அதை வார்டுல பார்த்துப்பாங்க. ஒப்பந்தம் போயிடும், அழுத்துங்க!"

விரல் பட்டனுக்கு மேலேயே இருந்தது. அழுத்தினால் பட்டை நகரும், நிர்வாகி மறந்துவிடுவார். அழுத்தாவிட்டால் அவள் மொழி போச்சு. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் மாஸ்டர் தம் திரையை இரண்டு தரம் படித்துவிட்டார். அக்கா பக்கம் திரும்பி, டயட்டீஷியன் பெண்ணிடம் கேட்டார். "இந்த ரொட்டி விதி எப்போலேருந்து இருக்கு?"

பெண் கேட்டுச் சொன்னாள். "அக்கா இங்க வந்த நாள்லேருந்தாம். அவங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுட்டுச் சரியா சாப்பிடாம படுத்து ஒருதரம் மயக்கமாயிட்டாராம். அதனால இங்க யாருக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க."

மாஸ்டர் எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். சுவரில் அந்தக் காகிதம் அவர் கண்ணெதிரே எத்தனையோ காலம் தொங்கியிருக்கிறது. அவருக்கு அது வெறும் கோடுகள். அக்காவும் அவர் விதியைப் படித்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நேத்து நான் ரொட்டிதானே அனுப்பினேன்!"

டயட்டீஷியன் பெண் வார்டுக்குப் போன் போட்டாள். நேற்று பணியில் இருந்த நர்ஸ் தட்டைப் பார்த்துவிட்டு ரொட்டியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கேன்டீனில் பால் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இன்று அவளுக்கு விடுப்பு. இன்றைக்கு இருப்பது புதியவள். தட்டில் வருவதை அப்படியே கொடுப்பாள். போனை வைத்தபோது பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

"தனித்தனியா பார்த்தா ரெண்டு பேர் சொன்னதும் சரி மாஸ்டர்" என்றாள். "ஒரே ஆளுக்கு ரெண்டும் வந்ததுதான் சிக்கல். வயித்துக்கு ஏதாவது போயே ஆகணும், ஆனா கடிக்கற மாதிரி இருக்கக் கூடாது. ஓட்ஸை நல்லா அரைச்சுக் கஞ்சியா கொடுக்கலாம்."

அக்கா உடனே தட்ட ஆரம்பித்தாள்: இந்த இரண்டும் உள்ளவருக்கு மாலைத் தட்டில் அரைத்த ஓட்ஸ் கஞ்சி இருக்கட்டும், ரொட்டி வேண்டாம். அவள் தட்டத் தட்ட, மாஸ்டரின் திரையில் அது அவர் மொழியில் எழுந்து வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கஞ்சின்னா கொதிக்கக் கொதிக்க அனுப்பிடுவாங்க. தையல் என்னத்துக்கு ஆகும்?" என்று முணுமுணுத்து, ஒரு விரலால் தேடித் தேடி, 'ஆறிய' என்று சேர்த்தார். அக்காவின் திரையில் அந்தச் சொல் அவள் மொழியில் வந்து உட்கார்ந்தது. அவள் படித்துவிட்டு, நிமிர்ந்து, மாஸ்டரைப் பார்த்து, அதுதானே என்பதுபோல் பலமாகத் தலையாட்டினாள். அவரும் ஆட்டினார். இருவரும் சம்மதம் என்ற விசையைத் தட்டினார்கள். அத்தனை வருஷத்தில் ஒருவருக்கொருவர் ஒரு முழு வாக்கியம் பேசியிராத இரண்டு பேர், சேர்ந்து ஒரு வாக்கியம் எழுதி முடித்திருந்தார்கள்.

 தான் செய்த ஒன்றை எண்ணி இவ்வளவு பெருமையாக அரைப்புள்ளி என்றுமே இருந்ததில்லை. அந்தப் பெருமையை மறைக்கவும் தோன்றவில்லை. கண் கலங்கியதை எல்லோரும் பார்க்கும்படியே புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

நிர்வாகி முதலாளியிடம் கேட்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை இடத்துல மோதும்?"

 முதலாளியால் முடிந்தது அரைப்புள்ளியின் பக்கம் கையைக் காட்டுவதுதான்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "நின்னாத்தான் தெரியும்."

நிர்வாகி நின்ற பட்டையைப் பார்த்தார், அதில் காத்திருந்த தட்டுகளைப் பார்த்தார். "அப்போ நிக்கட்டும்" என்றார். "இதை இப்படியே எல்லா சமையலறைக்கும் போடுங்க."

முதலாளிக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சில் முதல் வேலையாக, "அந்தத் தாண்டு பட்டனைத் தூக்கிடுங்க மேடம், எவன் வைக்கச் சொன்னான் அதை?" என்றார். அவர் அப்படித்தான், விடுங்கள்.

கஞ்சியை அரைத்து ஆற்றி மாஸ்டரே கிண்ணத்தில் ஊற்றினார். அது வழக்கமான தட்டுகளோடு போகவில்லை. அரைப்புள்ளி எடுத்துக்கொண்டு நடந்தாள். கீழே முதலாளி அவளைத் தேடிக்கொண்டிருந்தார், நிர்வாகியோடு கைகுலுக்கிப் படம் எடுக்க வேண்டுமாம். தேடட்டும் என்று விட்டுவிட்டாள்.

கட்டிலில் இருந்தவர் ஏலம் விடுகிறவர், குரலை விற்றுப் பிழைப்பவர். இப்போது பேசக் கூடாது என்று கழுத்தில் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்தவுடன் முகத்தைச் சுளித்தார். உப்பில்லை, உறைப்பில்லை, இது ஒரு சாப்பாடா என்று இரண்டு கையாலும் காற்றில் பெரிய வசவாகத் திட்டினார். திட்டிக்கொண்டே அடுத்த கரண்டியை எடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கட்டுக்கு அடியில் தொண்டை மெல்ல ஏறி இறங்குவதை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். புதிய நர்ஸ் வந்து, "நீங்க யாரு? இவருக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, கஞ்சியோட வந்தேன்" என்றாள் அவள். கிண்ணத்தின் அடி தெரிந்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாள்.